அப்பாவின் ஒன்றரைக் கோடி

அப்பா இறந்து ஆறு வாரம் ஆகிறது. பழைய கால்பந்து வீரர்களைப் பற்றிய ஓர் இணையப் பக்கத்தில் அவருடைய சொத்து மதிப்பு இன்னும் ஒன்றரைக் கோடி என்றே இருக்கிறது.

அந்த எண்ணால் அம்மாவுக்கு வரவேண்டிய ஓய்வூதியம் தொடங்காமலே நிற்கிறது. வசதியில்லாமல் இறந்த வீரர்களின் மனைவிகளுக்கு வீரர் நல நிதி மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கும். அது வந்தால்தான் அம்மா அதே வாடகை வீட்டில் இருக்க முடியும். இல்லாவிட்டால் என்னுடைய ஒற்றை அறைக்கு வந்தாக வேண்டும். செத்தாலும் வரமாட்டேன் என்கிறாள்.

நல நிதி அலுவலகத்தில் எழுத்தர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

“உங்க அப்பா கோடீஸ்வரர் மேடம். இங்க போட்டிருக்கே.”

“அது அவரோட காசு இல்ல சார். அவரை விட்டுக்கொடுக்க ஒரு கிளப், இன்னொரு கிளப்கிட்ட வாங்கினது. மாட்டை வித்தா காசு மாட்டுக்கா போகும்?”

சிரித்தார். கோப்பு நகரவில்லை. “அந்தப் பக்கத்தை மாத்திட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்.”

நான் மின்தூக்கிகளைப் பரிசோதிக்கும் பொறியாளர். தகட்டில் எழுதியிருக்கும் எடையை நம்புவதில்லை; எடைக்கற்களை ஏற்றிப் பார்த்துத்தான் கையெழுத்திடுவேன். அன்று மாலையே திருத்தம் கோரும் படிவத்தை நிரப்பினேன். அனுப்புமுன் ஆதாரம் இணைக்க வேண்டும் என்றிருந்தது. அப்பாவை வாங்கிய கிளப்புக்குப் போனேன்.

கிளப் செயலாளர் அப்பாவுடன் ஆடியவர். நான் சித்தப்பா என்பேன். தடுப்பாட்டத்தில் யாரையும் தாண்ட விடாததால் அப்பாவுக்கு ‘பூட்டு’ என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

“பூட்டு பொண்ணா? வாம்மா. ஏன் நடந்துக்கிட்டே இருக்கே? உக்காரு, நாற்காலி கடிக்காது.”

உட்கார முடியவில்லை. நின்றபடியே சம்பளப் பதிவேடுகளைப் புரட்டினேன். பதினொரு பருவம். பருவத்துக்குப் பத்து மாதச் சம்பளம், அதிகபட்சம் பன்னிரண்டாயிரம். வெற்றி பெற்றால் கொஞ்சம் ஊக்கத்தொகை. வலது முழங்கால் போனபோது வயது முப்பத்தொன்று. எல்லாவற்றையும் கூட்டினால் பதினைந்து லட்சத்தைத் தொடவில்லை. அதிலும் பாதியை அவர் வைத்த விளையாட்டுப் பொருள் கடை இரண்டே வருடத்தில் விழுங்கியது. அதன்பின் பத்தொன்பது வருடம் இதே கிளப்பின் வாகன நிறுத்தத்தில் மேற்பார்வையாளர். நிறுத்தச் சீட்டின் பின்புறம் கையெழுத்து வாங்கிப்போன ரசிகர்கள் உண்டு.

“யார் சித்தப்பா இப்படிப் பொய்யா எழுதினது?”

“நீ வேற. அவனேதான் சொன்னான். பேட்டி எடுக்க ஒரு பொண்ணு வந்தா. மொத்தம் எவ்வளவு சம்பாதிச்சீங்கன்னு கேட்டா. இவன் நெஞ்சை நிமித்திக்கிட்டு ஒன்றரைக் கோடின்னான். பக்கத்துலதான் நான் இருந்தேன், வாயே திறக்கல.”

“ஏன் திறக்கல?”

“அப்ப அவன் கையில பார்க்கிங் சீட்டுக்கட்டு இருந்துச்சும்மா.”

அந்தக் கணக்கைக் கிளப் கடிதத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் படிவத்தைக் காட்டினேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பக்கம் மாறிவிடும் என்றேன்.

“என்னன்னு மாறும்?”

“சொத்து எதுவும் இல்லைன்னு.”

“ஊரே பாக்குற இடத்துலயா?”

“ஆமாம்மா. இல்லேன்னா பணம் வராது.”

“அதைத் தொடாதே. நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ.”

காலையில் இரண்டு பேருந்து மாறிப் போனோம். எழுத்தர் மறுபடியும் திரையைத் திருப்பினார். அம்மா அதைப் பார்க்கவே இல்லை. கைப்பையிலிருந்து வங்கிப் புத்தகம், வாடகை ரசீதுகள், கிளப் கடிதம், மூன்றையும் மேசையில் வைத்தாள்.

“ஒன்றரைக் கோடி எங்கே இருக்குன்னு எனக்கும் தெரியல தம்பி. நீங்களே தேடிக் குடுங்க. பாதி உங்களுக்கு.”

பக்கத்து மேசைக்காரர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். எழுத்தர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். வங்கிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விரல் வைத்து நிறுத்தினார். பிறகு கணினியை மூடிவிட்டு முத்திரையை எடுத்தார்.

“அடுத்த மாசத்திலேருந்து வரும்மா.”

படியிறங்கும்போது அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அந்தத் தொகையைப் பேப்பர்ல பாத்துட்டுத்தான் எங்க அப்பா என்னை அவருக்குக் குடுத்தாரு.”

“நெசமாவா? உனக்கு எப்பத் தெரிஞ்சுது?”

“ரெண்டாவது மாசம். சம்பளக் கவரைப் பிரிச்சப்ப.”

“கேக்கலியா?”

“கேட்டேன். ‘அவ்வளவு குடுத்து என்னைக் கேட்டாங்கல்ல’ன்னாரு. அதுக்கு மேல என்னத்தைக் கேக்குறது?”

அவள் முதலில் இறங்கினாள். நான் கைபேசியை எடுத்தேன். படிவம் அனுப்பத் தயாராக இருந்தது. எண்கள் எல்லாம் சரி. நின்றபடியே மறுபடியும் ஒருமுறை சரிபார்த்தேன். பிறகு அழித்தேன். தவறென்று தெரிந்த ஓர் எண்ணை நான் விட்டுவைப்பது இதுவே முதல்முறை. கை இன்னும் பரபரக்கிறது.