நாவலடிக்கு நீர்வழியே

மட்டக்களப்பில் இறங்கிய மறுநாளே படகு தேடத் தொடங்கிவிட்டேன். போர் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. நான் வசிக்கும் ஜெர்மனியில், ஆற்றில் ஓடும் உல்லாசக் கப்பலில் நான்கு நாள் போகலாம் என்று தங்கை மலருக்குப் படங்கள் அனுப்பியிருந்தேன். எந்த அறை பிடிக்கிறது என்றும் கேட்டிருந்தேன். தொலைபேசியில் அவள் சொன்னது வேறு.

"கப்பல விடுக்கா. நீ இஞ்ச வா. ஒரு வள்ளம் புடிச்சு நாவலடிக்குப் போவம். வாவிப் பக்கத்தால பாக்கணும். தனியப் போக ஏலாமக் கிடக்கு."

நாவலடி, வாவி என்று சொல்லப்படும் கடல்நீரேரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல்திட்டு. மலரின் வீடு அங்கேதான் இருந்தது. வீட்டையும் அவள் கணவர் ராசனையும் சுனாமி கொண்டுபோனது. அப்போது எனக்கு அகதி விண்ணப்பம் முடிவாகவில்லை. புறப்பட்டால் திரும்ப நுழைய முடியாது. நான் வரவில்லை. அவள் வாவியின் மேற்குக் கரையில் உள்ள கொக்கட்டிச்சோலைக்குப் போய்விட்டாள்.

மூன்று வள்ளங்கள் பார்த்தேன். கண்ணாடியிழைப் படகு வேகம்தான், ஆனால் தண்ணீரை வாரி இறைத்தது. விடுதிக்காரரின் படகில் பாட்டுப்பெட்டி அலறியது. மூன்றாவது, ஊரார் அண்ணன் முறையில் 'காக்கா' என்றழைக்கும் காத்தான்குடி மஜீதின் அகன்ற மரவள்ளம். மேலே தகரக் கூரை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. அரை நாளைக்கு ஆறாயிரம் ரூபாய்.

"ஆராரு வாறீங்க?"

"நானும் தங்கச்சியும். நாவலடிக்கு."

கைப்பிடியை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். "அப்ப விடியக் கிளம்புவம் புள்ள. பத்து மணிக்குப் பொறகு காத்து எழும்பிரும். வள்ளம் ஆடப்படா."

காலை 6.00. பட்டினத்துத் துறையிலிருந்து தெற்கே புறப்பட்டோம். கரைச் சேற்றில் நின்ற கண்ணாப் புதர்களில் கொக்குகள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

7.30. மண்முனைத் துறையின் மேற்குக் கரையில் மலர் காத்து நின்றாள். வெளுத்த நீலச் சேலை, கையில் புட்டுப் பொதி. ஏறும்போது என் தோளை இறுகப் பற்றினாள். உட்கார்ந்த பிறகும் விடவில்லை.

வடக்கே திரும்பினோம். போர்க்காலத்தில் இந்த இரு கரைகளுக்கும் இடையே ஆள் போய்வருவதே பெரும்பாடு. இப்போது எதிரே வந்த தோணிக்காரர் வலையை உதறியபடி, "எங்க போறீங்க?" என்று சும்மா கேட்டுவிட்டுப் போனார்.

9.20. கல்லடிப் பாலத்தைத் தாண்டினோம். மலர் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் கையைத் தூக்கினாள். மஜீது காக்கா இயந்திரத்தை நிறுத்தினார்.

மணல், அடம்பன்கொடி, சரிந்த ஒரு கிணற்றுக்கட்டு. வேறொன்றும் இல்லை.

"அவர் மீன் தொழிலுக்குப் போய் வரக்குள்ள நான் கரையில நிப்பன். 'தூரத்திலயே ஒன்னத் தெரியும், அதோட எனக்குக் களைப்புப் போயிரும்' எண்டு சொல்லுவார். அவர் கண்டது எப்பிடி இருந்திருக்குமெண்டு எனக்குத் தெரியா." என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீ இறங்கிப் போய் நில்லன்."

முழங்காலளவுத் தண்ணீர். சேலையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்து கரையேறினேன்.

"கொஞ்சம் கிணத்துப் பக்கமா! ஓம், அவ்விடந்தான்!"

நின்றேன். முதுகுக்குப் பின்னால் கடல் இரைந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. மஜீது காக்கா அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். மலர் கூரைக் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று என்னைப் பார்த்தாள். அழுதாளா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. என்னைத்தான் பார்த்தாளா என்றும் தெரியவில்லை. காற்று எழும்பும்வரை நின்றேன்.

திரும்பி ஏறியதும் நனைந்த என் சேலை விளிம்பை அவளே பிழிந்துவிட்டாள். புட்டைப் பிரித்து மூவரும் சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் என்னை வழியனுப்ப ரயில் நிலையத்துக்கு வந்தாள். சுனாமியின்போது ஏன் வரவில்லை என்று ஒருநாளும் கேட்காதவள், அன்றும் கேட்கவில்லை. வண்டி அசைந்தபோது ஜன்னலோடு நடந்தபடி சொன்னாள்:

"அடுத்தமுறை வரக்குள்ள நீ வள்ளத்தில இரு. நான் இறங்கி நிக்கிறன்."

வண்டி வேகமெடுத்தது. நடைமேடையின் கடைசிவரை வந்து அவள் நின்றுவிட்டாள். நீலச் சேலை கண்ணுக்குத் தெரிந்தவரை கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.