இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு ஓர் அதிபர்

லண்டனில், சட்டன் பக்கத்தில் ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் பதினேழு வருடமாக வேலை செய்கிறேன். வாசற் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு பிந்தி வருகிற பிள்ளைகளின் பெயரை எழுதுவது, காய்ச்சலில் சுருண்டிருக்கும் பிள்ளையின் தாய்க்குப் போன் எடுப்பது, முழங்கால் உரசிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பிளாஸ்டர் ஒட்டுவது என்று என் நாள் போகும்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் அதிபர் ஓய்வு பெற்றுப் போனார். அவருடைய கதிரைக்கு வேறு ஆளைத் தேடவில்லை. பத்து நிமிட நடைத்தூரத்தில் இருக்கிற பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் அதிபரையே எங்களுக்கும் அதிபராக்கினார்கள். வீட்டு வாடகை ஏறி ஏறிக் குடும்பங்கள் லண்டனை விட்டுப் போக, இரண்டு இடத்திலும் வகுப்புகள் காலியாகிக்கொண்டிருந்தன என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புது அதிபர் அதை எங்களுக்குக் கிடைத்த வரம் போலச் சொன்னார். மண்டபத்தில் எல்லோரையும் இருத்தி, இரண்டு கைகளையும் விரித்து விரித்து, தான் இரண்டாகப் பிரியப் போவதில்லை, இரண்டு பள்ளிக்கும் முழுதாக இருப்பேன் என்றார். கடவுளுக்கு மட்டும்தான் அது முடியும் என்று சின்ன வயதில் மறைக்கல்வியில் படித்திருக்கிறேன்.

முழுதாக இருந்த லட்சணம் இதுதான். திங்களும் செவ்வாயும் அங்கே. வியாழன் வெளியில் கூட்டம், பெரும்பாலும் பள்ளிகள் எப்படி ஒன்றுசேர்ந்து இயங்குவது என்பது பற்றி. வெள்ளி வீட்டிலிருந்து வேலை. எங்களுக்குப் புதன்கிழமை, அதுவும் வேறு அழைப்பு வராவிட்டால். இரண்டாவது தவணையில் அவருடைய அறைக்குள் போட்டோகொப்பி மெஷினைத் தள்ளி வைத்தோம். அவர் அதைக் கவனிக்க மூன்று கிழமை எடுத்தது.

அடுத்ததாக அலுவலகத்தைப் பிடித்தார்கள். ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்வது வீண் என்று சொல்லி, பெற்றோரின் போன், குறுஞ்செய்தி, வரவு பதிகிற இடாப்பு எல்லாவற்றையும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். என்னோடு இருந்த இருவரில் ஒருத்தியை நிறுத்தினார்கள், மற்றவளை அங்கே மாற்றினார்கள். எனக்குக் கண்ணாடிச் சன்னலையும் பிளாஸ்டர் பெட்டியையும் விட்டார்கள்.

இரண்டு பள்ளிக்கூடங்களின் பெயர்களும் 'புனித' என்றுதான் தொடங்கும். இரண்டு பட்டியலையும் ஒரே திரையில் வைத்தால் ஒருநாள் பிழை வரும் என்று நான் கூட்டத்தில் சொன்னேன். அதிபர் எழுதிக்கொண்டு என் அக்கறைக்கு நன்றி சொன்னார். அடுத்த கூட்டத்திலும் சொன்னேன், அப்போதும் எழுதிக்கொண்டு நன்றி சொன்னார்.

போன தை மாதம், நல்ல உறைபனி விழுந்த ஒரு வியாழக்கிழமை, காலை எட்டுமணிக்குக் கொஞ்சம் முன்னர் என் கைத்தொலைபேசி அடித்தது. எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிற ஒரு பெண். மகள் எங்களிடம் மூன்றாம் வகுப்பு. தாய் முதியோர் இல்லத்தில் வேலை.

"அக்கா, இண்டைக்குப் பள்ளிக்கூடம் பூட்டு, பொய்லர் பழுது எண்டு மெசேஜ் வந்திருக்கு. உண்மையோ?"

"ஆர் சொன்னது? நான் பள்ளிக்கூடத்துக்குள்ளதான் நிக்கிறன். இஞ்சை நல்ல சூடாக் கிடக்கு."

"நான் வேலைக்கு வர ஏலாது எண்டு சொல்லிப்போட்டனே. இப்ப என்ன செய்யிறது?"

பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லிவிட்டு, இரண்டு பள்ளிக்குமாக அங்கே வைத்த பொது அலுவலகத்துக்கு அடித்தேன். எங்கள் பள்ளிக்கு ஒன்றை அழுத்து, அவர்கள் பள்ளிக்கு இரண்டை அழுத்து என்று ஒரு குரல். ஒன்றை அழுத்தினேன். பாட்டுப் போட்டார்கள். அதிபரின் போன் நிறுத்தியிருந்தது, அன்றைக்கு நகரத்துக்குள் ஏதோ பயிற்சி. ஒன்பது மணிக்குப் பார்த்தால் எங்கள் வகுப்புகளில் கால்வாசிப் பிள்ளைகள்கூட இல்லை. ஆசிரியர்கள் வெறும் மேசைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களுக்குப் போக வேண்டிய செய்தி எங்களுக்கு வந்திருக்கிறது என்றால், அவர்களுக்கு என்ன போயிருக்கும்? ஒன்றும் போயிருக்காது. வாசலை உதவி அதிபரிடம் விட்டுவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தேன், பாதி வழி ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர்களுடைய வாசல் கேற் பூட்டியிருந்தது. வெளியே நடைபாதை நிறையப் பிள்ளைகள். ரயிலுக்கு ஓடுகிற பெற்றோர் பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கேற்றடியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். சின்ன வகுப்புத் தாய்மார் குழந்தைகளைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு கேள்வி கேட்டபடி நின்றார்கள். கேற்றுக்கு உள்ளே நின்ற காவலாளி, வயதான ஐரிஷ்காரர், பொய்லர் பழுது என்று ஆறரைக்கே அதிபருக்குச் சொன்னதாகவும், எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று அவர் பதில் சொன்னதாகவும் என்னிடம் சொன்னார். அவருடைய முகம் குளிரால் மட்டும் சிவந்திருக்கவில்லை. பொது அலுவலகத்தில் அன்றைக்கு ஆளே இல்லை, குளிர் என்று எல்லோரும் வீட்டில்.

அங்கே நின்ற ஆசிரியர்களிடம், எங்கள் கட்டடம் சூடாகவும் காலியாகவும் கிடக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள் என்றேன். தயங்கினார்கள். வெளியே கூட்டிப்போவதற்குப் படிவம் நிரப்ப வேண்டுமாம், அதிபர் கையெழுத்துப் போட வேண்டுமாம். எந்த அதிபர் என்று கேட்டேன். கடைசியில் பாலர் வகுப்பு ஆசிரியை, இருபத்தைந்து வயதுகூட இருக்காது, விசிலை எடுத்து ஊதிப் பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக நிற்பாட்டினாள். காவலாளி பெருந்தெருவின் நடுவில் போய் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். பஸ்கள் நின்றன. அந்த வரிசை கடந்து முடிய எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது, கடைசிப் பிள்ளை மற்றப் பக்கம் ஏறும்வரை நான் தலைகளை எண்ணிக்கொண்டே நின்றேன்.

எங்கள் சமையற்கூடத்தில் எங்கள் பிள்ளைகளுக்காகச் சமைத்த சாப்பாட்டை அவர்கள் சாப்பிட்டார்கள். பின்னேரம் இரண்டு மணிக்கு அதிபர் வந்து சேர்ந்தார். மண்டபக் கதவில் நின்று பார்த்தார். போனை எடுத்து நாலைந்து படம் பிடித்தார். பிறகு என்னிடம் திரும்பி, கூட்டுறவு என்றால் இதுதான், பார்த்தீர்களா என்றார்.

செய்தி ஏன் மாறிப் போனது என்று கேட்டேன். இது குற்றம் சாட்டுகிற நேரமில்லை, கற்றுக்கொள்கிற நேரம் என்றார். நான் சிரித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பழகிய சிரிப்பு. அவர் பேசியதைவிட அந்தச் சிரிப்புத்தான் எனக்கு அன்றைக்கு அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமைச் செய்திமடலில் படம் வந்தது. இரண்டு பள்ளிகள் ஒரு குடும்பமாகக் கழித்த இனிய நாள் என்று தலைப்பு. கேற்றடியில் நடுங்கிய பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. பள்ளிக்கூடம் பூட்டு என்ற அந்தக் குறுஞ்செய்தியை அனுப்பியவள் பயிற்சிக்கு வந்த ஒரு பெட்டை. ஈஸ்டரோடு அவளுடைய வேலையை நிறுத்தினார்கள். பிறகு ஒருநாள் சட்டன் பெருந்தெருவில் அவளைக் கண்டேன். வீட்டில் படுக்கையில் இருந்து, பாதி நித்திரையில், முதல் இருந்த 'புனித'வை அழுத்திவிட்டதாகச் சொன்னாள். இரண்டு பள்ளிக்கும் திரையில் வேறு வேறு நிறம் போட்டுத் தரும்படி அவளும் கேட்டிருக்கிறாள். அவளுக்கும் நன்றிதான் கிடைத்திருக்கிறது.

வைகாசியில் நிர்வாகக் குழு ஒரு திறந்த கூட்டம் வைத்தது. மூன்றாவது பள்ளிக்கூடம் ஒன்றும் எங்களோடு சேரப் போகிறது என்று அறிவித்தார்கள். அதிபரின் பதவிப் பெயரில் இன்னும் இரண்டு சொற்கள் கூடின. கேள்வி இருக்கிறதா என்றபோது நான் எழும்பி, இந்தத் தவணையில் அதிபர் எங்கள் கட்டடத்தில் எத்தனை நாள் நின்றார் என்று கேட்டேன். தலைமைத்துவத்தை நாட்களால் அளக்க முடியாது என்றார் அவர். முன்வரிசையில் கைதட்டினார்கள். பின்வரிசையில் அந்த ஐரிஷ்காரர் மட்டும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து கணவருக்குச் சொன்னேன்.

"நீர் பேசாமல் இருந்திருக்கலாம்" என்றார்.

"ஓம், இருந்திருக்கலாம். பதினேழு வருசம் அப்பிடித்தானே இருந்தனான்."

அவர் தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனார்.