கிர்க்கியில் சொன்ன சாட்சி

சனிக்கிழமை காலை. சென்னை மெயில் எங்களைப் பூனா ஸ்டேஷனில் இறக்கிவிட்டபோது நல்ல ஜனவரிக் குளிர். தொண்ணூறுகளின் கடைசி அது. சாயர்புரத்தில் பஸ் ஏறி, தூத்துக்குடி, சென்னை, குண்டக்கல், சோலாப்பூர் என்று உட்கார்ந்தே வந்ததில் முதுகு விட்டுப்போயிருந்தது. கூட வந்தவர் என் பெரியப்பா மகன் செல்வராஜ் அண்ணன். இருபது வருடமாகப் பார்க்காத மகளைப் பார்க்க வந்திருந்தார். அவள் வாயால் ஒரு தடவை ‘அப்பா’ என்று கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

அண்ணன் ஒரு காலத்தில் மகா குடிகாரர். ஒரு மழை நாளில் தவமணி மதினியையும் அவள் இடுப்பிலிருந்த குழந்தையையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். மதினியின் அப்பாவுக்குப் பூனா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. அங்கே போன மதினி திரும்பவே இல்லை. நாங்கள் போவதற்கு இரண்டு வருடம் முன்பு இறந்தும்போனாள். அண்ணன் இதற்கிடையில் ஒரு நற்செய்திக் கூட்டத்தில் மனந்திரும்பிக் குடியை விட்டார். அன்றிலிருந்து எந்தச் சபைக்குப் போனாலும் சாட்சி சொல்வார். இன்னின்ன பாவம் செய்தேன், இயேசுவின் இரத்தம் என்னைக் கழுவி மீட்டது என்று எல்லார் முன்னாலும் எழுந்து சொல்வதுதான் சாட்சி. எந்த இடத்தில் அவருக்குத் தொண்டை அடைக்கும் என்பதுகூட எனக்கு மனப்பாடம்.

லோனாவ்லா லோக்கலில் ஏறினோம். ஆறேழு கிலோமீட்டர்தான், டிக்கெட் மூன்று ரூபாய். போர்டில் கட்கி என்று இருந்தது. பழைய தமிழ்க் குடும்பங்களுக்கு அது இன்னும் கிர்க்கிதான். பிளாட்பாரத்தில் ஷீலா நின்றிருந்தாள். மருந்துக் கடையில் வேலை, இருபத்திரண்டு வயது, அச்சு அசல் மதினி முகம். என்னிடம், “சித்தப்பா, டிரெயின்ல தூக்கம் வந்துச்சா?” என்றாள். அவரிடம், “வாங்க” என்றாள். அதற்கே அண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஞாயிறு காலை ஒன்பது மணி ஆராதனை. கோயில் சிறியது, நூறு பேர் இருக்கலாம். வாசலில் ஷீலா பாதிரியாரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் போனாள். பிரசங்கத்துக்கு முன் பாதிரியார் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“நம்ம ஷீலாவோட அப்பா துபாய்லேர்ந்து வந்திருக்காங்க. ரெண்டு வார்த்தை பேசுவாங்க.”

இத்தனை வருடமும் மதினி ஊராரிடம் புருஷன் துபாயில் இருக்கிறான் என்றே சொல்லி மானமாக வாழ்ந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் விளங்கியது. மகளும் அதைக் காப்பாற்றியிருக்கிறாள். அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் தட்டிவிட்டுப் போய் மைக்கைப் பிடித்தார்.

“ஐயா தப்பா சொல்லிட்டாவ. நான் துபாயைக் கண்ணால கண்டதில்ல. நான் பாவி. பெண்டாட்டி பிள்ளையக் கொட்டுத மழையில வெளிய தள்ளிக் கதவச் சாத்துன பாவி...”

ஒன்றையும் விடவில்லை. மதினியின் தாலியை விற்றுக் குடித்தது, அவளைத் தெருவில் வைத்து அடித்தது எல்லாம் வந்தது. வழக்கமான இடத்தில் தொண்டை அடைத்தது. சபை “ஸ்தோத்திரம்” என்றது. சிலர் அழுதார்கள். ஷீலா நிமிரவே இல்லை.

ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் அண்ணன் அவளிடம் போனார். முகம் மலர்ந்திருந்தது.

“கேட்டியாம்மா? என் பாவமெல்லாம் கழுவியாச்சு.”

“எனக்குத் தமிழ் ஜாஸ்தி வராது,” என்றாள் ஷீலா. “பாவம்னா எனக்கு ஒண்ணுதான் தெரியும். மாமா, மாமி எல்லாரும் ‘தவமணி பாவம்’னு சொல்வாங்க. நீங்க பாவம் பாவம்னு சொன்னப்போ மம்மியைத்தான் சொல்றீங்கன்னு நினைச்சேன். கழுவியாச்சுன்னா, யாரை?”

துபாய்க் கதையைத் தான் உடைத்துவிட்டது அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது. “வேணும்னா இப்பவே ஐயாகிட்ட போய் நான் சொன்னது பொய்னு சொல்லிருதேம்மா,” என்றார். இரட்சிக்கப்பட்ட மனுஷன்! எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

“வேண்டாம். மம்மி சொன்ன பொய் போதும்,” என்றாள்.

வீட்டில் அவள் சமைத்து வைத்திருந்தாள். மட்டன் குழம்பு, சோறு, சப்பாத்தி. குறைவில்லாமல் பரிமாறினாள். அண்ணனால் நாலு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை.

திங்கள் மாலை பூனா ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தாள். கடையில் காலையிலேயே இரண்டு பெண்கள் வந்து துபாய்க் கதையைக் கேட்டார்களாம். கோபமில்லாமல்தான் சொன்னாள். வண்டி கிளம்ப இருந்தபோது அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“கிறிஸ்துமஸுக்கு வரட்டுமாம்மா?”



“வாங்க. சர்ச்சுக்கு வேண்டாம். மம்மி கல்லறைக்கு வாங்க. நேத்து சொன்னதை அங்க சொல்லுங்க. நான் மட்டும்தான் இருப்பேன்.”

எங்கள் ஊரில் மன்னிப்பு என்றால் மேலே பார்த்துக் கேட்பதுதான். ஆண்டவர் அண்ணனை மன்னித்தார் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. சிலுவையில் அவர் கொடுத்த விலை எல்லாருக்கும் போதும் என்றே நம்புகிறேன். ஆனால் மீட்கப்பட்டவன் அதன் பிறகு எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை எனக்கு எந்தப் பிரசங்கியாரும் சொன்னதில்லை, அந்தப் பெண்தான் சொன்னாள்.

அந்த டிசம்பரில் அண்ணனுக்கு முட்டுவலி என்றார்கள். அடுத்த டிசம்பரில் டிக்கெட் எடுத்து, அதையும் ரத்து செய்தார். அவர் போகவே இல்லை. இடையில் எங்கள் ஊர்ப் பக்கத்துத் திசையன்விளைக்கும் நாசரேத்துக்கும் போய்ச் சாட்சி சொன்னார், கூட்டம் நிறைய என்று கேள்விப்பட்டேன். கிர்க்கி கல்லறைத் தோட்டத்தில் ஷீலா இரண்டு கிறிஸ்துமஸும் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்ததாகப் போனில் சொன்னாள்.