கூட்டல் குறிக் கதவு

முப்பத்தோரு வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் நான். நடக்காத ஒன்றின் கீழே ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. இது நடந்தது. நேரத்தோடு எழுதுகிறேன்.

எங்கள் வீடு தியாகதுருகத்தில். மகள் கலையரசி கணினி படித்தவள். வேலை முடிந்து வந்ததும் தன் அறையில் உட்கார்ந்து விளையாட்டுகள் செய்வாள். அதற்கு ஒரு பழைய காலத்து மென்பொருள் வைத்திருந்தாள். அதில் படம் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்தும் குறியும் மட்டும். கோடுகள் சுவர். கூட்டல் குறி கதவு. மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வரும் சுழி @ இருக்கிறதே, அதுதான் ஆள்.

"இதுல இன்னாம்மா இருக்குது? வெறும் புள்ளியும் கோடும்" என்று ஒருமுறை கேட்டேன்.

"கம்மியா இருந்தாதாம்பா நல்லாருக்கும். மீதிய நீங்களே நெனச்சிக்குவீங்க" என்றாள்.

மூன்று வருடத்துக்கு முன்பு, கல்வராயன் மலைக்காரப் பையன் தமிழ்வேந்தனைத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் செய்ததில்லை. மறுநாளே பேருந்து நிலையத்தில் அவள் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தேன். கீழே என் பெயர். உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு இப்படி வைப்பது எங்கள் பக்கத்தில் புதிதில்லை.

என் மனைவி ராஜாம்பாள் அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஒருநாள் அவ வந்து நின்னா கதவத் தொறப்பீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன்" என்றேன்.

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை. ராஜாம்பாள் ரிஷிவந்தியம் கோயிலுக்குப் போயிருந்தாள். வாசல் கதவைத் தாழிட்டுவிட்டுத் தனியாகச் சாப்பிட்டேன். பிற்பகல் 2.10. மகளின் அறையிலிருந்து சத்தம்... டக். டக் டக். விசைகளைத் தட்டும் சத்தம்.

போய்ப் பார்த்தேன். நாற்காலி காலி. அவள் விட்டுப்போன பழைய மேசைக் கணினியின் திரையில் வெளிச்சம்.

திரையில் எங்கள் வீடு. கூடம், சமையலறை, கிணறு எல்லாம் கோடுகளால் போட்டிருந்தது. உள்ளே A என்று ஓர் எழுத்து. அம்புக்குறி விசையை அழுத்தினேன். எழுத்து நகர்ந்தது. A என்றால் அப்பா. அது நான்தான்.

கதவுக்கு வெளியே அந்தச் சுழி நின்றது.

திரையில் இருந்த கூடத்தில் கட்டில் கிழக்கே கிடந்தது. நான் அதைக் கிழக்கே இழுத்துப் போட்டது முந்தின வாரம்தான்...

2.19. வியர்வை விசைப்பலகையில் சொட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். மின்விசிறி சுற்றவில்லை. அன்று மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது மணியிலிருந்தே ஊரில் கரண்ட் இல்லை.

திரை மட்டும் எரிந்தது.

கீழே ஒரு வரி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். 'அப்பா கதவத் தொறங்க.'

2.24. வாசல் கதவு தட்டப்பட்டது.

மூன்று முறை.

மெதுவாக...

"யாரு?"



எழுந்தேன். பேனரில் இருந்த என் பெயர் நினைவுக்கு வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

மறுபடி மூன்று.

நான் எழவில்லை.

2.31. சுழி திரும்பியது. ஒவ்வொரு கட்டமாக... திரையின் ஓரம் வரை...

இல்லை.

திரை அணைந்தது.

மாலை ஆறு மணிக்குத் தொலைபேசி வந்தது. மலையிலிருந்து இறங்கிய ஜீப் ஒரு வளைவில் கவிழ்ந்துவிட்டது. கலையரசி அந்த இடத்திலேயே போய்விட்டாள். நேரம் 1.40. எங்களைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருந்தாளாம்.

எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

பதினாறாம் நாள் தமிழ்வேந்தன் வந்தான். உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை. வாசலில் நின்றபடியே அவளுடைய மடிக்கணினியை விரித்தான். அதே வீடு.

"கடைசியா அவ செஞ்சதுங்க. தெனமும் போட்டுப் பாத்துக்கினே இருப்பா. இந்தச் சுழி கதவாண்ட போனா, உள்ள இருக்கிற எழுத்து தானா எழுந்து வந்து தொறக்கும்ங்க. நானே பாத்திருக்கேன். இப்போ தொறக்கமாட்டேங்குது."

"கெட்டுப் போயிருக்கும்."

"இல்லீங்க. யாரோ மாத்தியிருக்காங்க. அன்னிக்கு இது எங்க வூட்டு அலமாரில பூட்டிக் கெடந்துச்சி. சாவி என் இடுப்புல. நேரத்தப் பாருங்க."

பார்த்தேன். கடைசியாகத் திருத்தியது அந்தச் சனிக்கிழமை, பிற்பகல் 2.31.