முழங்கால் தண்ணீர் என்று நான் சொன்னது

இதை எழுதுவதா வேண்டாமா என்று பத்து வருஷம் தள்ளிப்போட்டேன். தாளை எடுப்பேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று மேலே ஒரு வரி போடுவேன், பிறகு மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். சர்க்காருக்குப் பயந்து அல்ல. ஆற்றுக்கு இரண்டு கரையிலும் எனக்கு ஒரு நல்ல பேர் இருக்கிறது. அந்தப் பேர் என்னுடையது அல்ல. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், நான் யாரென்று தெரியாமலே, என் கதையை எனக்கே சொன்னார். அவர் கணக்கில் பன்னிரண்டு குதிரைகள் செத்திருந்தன. அதற்கு மேலும் சும்மா இருந்தால் பாவம் என்று பட்டது.

நான் நாலாம் வகுப்பு வரை மிஷன் பள்ளியில் படித்தவன். பாளையங்கோட்டைக் கரையில், அணைக்கட்டுக்குப் பக்கத்தில், வாய்க்கால் தலைப்பில் மடை பார்க்கிற வேலை. எனக்கு மூத்தவர் ஒருவர் கூட வேலை பார்த்தார். அவர் சாஸ்தாவைக் கும்பிடுகிறவர், நான் சபையைச் சேர்ந்தவன். வருஷத்துக்கு ஒரு முறை, பிசான அறுப்பு முடிந்ததும், தூர் வாருவதற்காக வாய்க்காலை அடைப்போம். மேலே பாபநாசத்துப் பக்கம் தொடங்கி ஒவ்வொரு தலைப்பாக அடைத்துக்கொண்டு வருவார்கள். எங்கள் முறை வந்ததும் அவர் தேங்காய் உடைப்பார், நான் ஜெபம் சொல்வேன், இருவருமாகக் கடைசிப் பலகையை இறக்கிக் களிமண் அப்புவோம். வாய்க்கால் வற்றும். அந்தத் தண்ணீரெல்லாம் அணை தாண்டி ஆற்றோடு போகும்.

சுதேசித் தலைவர்களைப் பிடித்து அடைத்த வருஷம் அது. எதிர்க்கரையில் திருநெல்வேலியில் கடைகளை அடைத்தார்கள், தாலுகாக் கச்சேரித் தாள்களுக்கு நெருப்பு வைத்தார்கள், சுட்டார்கள் என்றெல்லாம் கேள்விப்பட்டோம். பட்டாளமும் துரைமாரும் இருந்தது எங்கள் கரையில். கலகம் அந்தக் கரையில். நடுவில் ஆறு. வண்டியும் குதிரையும் நனையாமல் போக ஒரே ஒரு பாலம். அதன் இரண்டு முனையிலும் துப்பாக்கி நின்றது. முப்பது வருஷமாக அந்த ஆற்றில் குளித்தவன் நான். அது ஒரு கோட்டை மதில் மாதிரி குறுக்கே கிடக்கிறது என்று அந்த வாரம்தான் பார்த்தேன்.

வாய்க்கால் அடைக்க வேண்டிய அன்று காலையில் என் தங்கை, அணைக்குக் கீழே ஆள் நடந்து கடக்கிற எங்கள் துறையில் இறங்கி வந்தாள். அவள் அக்கரையில் வாக்கப்பட்டவள். புருஷன் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள், சேலை நனையவில்லை. புருஷன் கடையை அடைத்துவிட்டுக் கூட்டத்தோடு போனவர் வீட்டுக்கு வரவில்லை என்றும், இன்னும் சில பேரோடு துறைக்கு எதிரேயுள்ள மாந்தோப்பில் கிடக்கிறார் என்றும் சொன்னாள். பாலத்தில் யார் வந்தாலும் தோப்பிலிருந்து தெரியும், அதனால் அங்கே இருக்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் நான் போய் அவரை இக்கரைக்குக் கூட்டி வந்து எங்கள் ஊரில் வைத்துக்கொள்ள வேண்டும். மிஷன் ஊரை யாரும் சோதனை போட மாட்டார்கள். வேலை முடியட்டும், போகிறேன் என்றேன். அவர் கூட்டத்தில் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே தாசில் உத்தியோகஸ்தர் ஒருவர் வந்தார், கூட இரண்டு குதிரைக்காரர்கள். வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், ஆற்றுப் பழக்கம் இல்லாதவர். மடைச் சுவரின் மேல் ஆற்றுப் படம் ஒன்றை விரித்தார்.

என் குற்றம் இங்கேதான் ஆரம்பம். நான் அதுவரை ஆற்றை முழுசாகப் பார்த்ததே இல்லை. என் அணை, என் துறை, ஆழ்வார்திருநகரி வரை ஒரு தடவை போன பயணம், அவ்வளவுதான். அந்தத் தாளில் மலையிலிருந்து கடல் வரை ஆறு நீலமாக ஓடியது. மேலே பஞ்சாலை, நடுவில் இரண்டு ஊரும் பாலமும், கடைசியில் கப்பல் நிற்கிற கடற்கரை. கலகம் நடந்த இடமெல்லாம் இந்த ஒரு தண்ணீரின் கரையில்தான் இருக்கிறது, அடடா என்று நினைத்தேன். வெள்ளைக்காரன் இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறானே, நம் துறையைப் போட்டிருக்கிறானா என்று குனிந்து தேடினேன். போடவில்லை.

“இங்கன ஒரு துறை இருக்கு, எசமான்” என்று விரலை வைத்துக் காட்டினேன். யாரும் கேட்கவில்லை. நானாகக் காட்டினேன்.

அவர் முகம் மாறியது. “அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது?” என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்குத் தோப்பு ஞாபகம் வந்தது. தங்கை கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தது கேட்டது. கழுத்தளவு என்று சொல்லியிருக்கலாம். பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்று சிறு வயசிலிருந்து கற்றவன். அதுவும் போக, அவள் சேலை நனையாமல் நிற்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

“முழங்கால் தண்ணி” என்றேன்.

அவர் படத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு போய்விட்டார். தங்கை கலயத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, “உன் ஆத்துமாவ நீ பாத்துக்கிட்ட. என் தாலிய யாரு பாப்பா?” என்றாள். அவள் திரும்பி ஆற்றில் இறங்கிப் புருஷனை எச்சரிக்கப் போகலாம் என்றால், துறைக் கரையில் அந்த இரண்டு குதிரைக்காரர்களையும் காவலுக்கு விட்டுப் போயிருந்தார் உத்தியோகஸ்தர்.

என் கூட்டாளி ஏற்கெனவே தேங்காயோடு நின்றார். “ஏலே, மேல அடைச்சாச்சாம். பலகைய இறக்குவமா, இல்ல நாளைக்கு வரைக்கும் அழுதுக்கிட்டு இருப்பமா?” என்றார். நான் போனேன். அன்று ஜெபம் எனக்கு வாயில் வரவில்லை. அவரே, “உன் சாமிக்கும் சேத்து நான் சொல்லிக்கிடுதேன்” என்று முடித்துவிட்டார். பலகையை இறக்கினோம், மண் அப்பினோம், கை கழுவினோம். வாய்க்காலை அடைத்தால் ஆற்றில் தண்ணீர் ஏறும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். ஆனால் அந்த வேளையில் அது என் நெஞ்சில் இல்லை. பலகை இறக்குகிற நாள், இறக்கினோம். நான் நினைத்ததெல்லாம் தங்கையின் முகத்தைத்தான்.

பிற்பகலில் உத்தியோகஸ்தர் இன்னும் சில குதிரைகளோடு வந்தார். தோப்பில் ஆள் கிடப்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது, பாலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களைத் துறை வழியாகப் பின்னாலிருந்து பிடிக்க வேண்டும் என்பது எண்ணம். முதல் இரண்டு குதிரைகளும் துறையில் இறங்கின. தண்ணீர் இடுப்பளவு ஏறியிருந்தது. இடுப்புத் தண்ணீர் குதிரைக்கு ஒன்றுமில்லை, ஆனால் புதுத் தண்ணீர் வந்தால் எங்கள் துறை மணல் இளகிவிடும், இரண்டு நாள் ஆகும் இறுக. குதிரைகள் வயிறு வரை புதைந்து கனைத்தன. கயிறு போட்டு இழுத்துக் கரையேற்றினார்கள். நானும் இழுத்தேன். பிறகு எல்லாரும் சுற்றிப் பாலத்தின் வழியாகப் போனார்கள். பாலத்தில் வருகிறவர்களைத் தோப்பு பார்க்கும் என்று முன்பே சொன்னேன் அல்லவா? போய்ச் சேர்ந்தபோது அங்கே மாம்பிஞ்சுதான் கிடந்தது.

மறுநாள் உத்தியோகஸ்தர் திரும்பி வந்து முழங்கால் என்று ஏன் சொன்னாய் என்று கேட்டார். என் கூட்டாளிதான், “எசமான், காலைல கேட்டிய, காலைத் தண்ணியச் சொன்னான். பலக போடுத நாளுன்னு ஊருக்கே தெரியும். நீங்க அவன்கிட்ட அதக் கேக்கலியே” என்றார். அவர் படத்தை விரித்துப் பார்த்தார். அதில் பாலம் இருந்தது, அணை இருந்தது, பலகை இல்லை. என்னை ஒன்றும் செய்யாமல் போனார்.

தங்கை புருஷன் மேற்கே போய் மலைத் தோட்டத்தில் இரண்டு வருஷம் கூலிக்கு இருந்துவிட்டுத் திரும்பினார். அதற்குள் கதை வளர்ந்துவிட்டது. அதுவரை என்னை வெள்ளைக்காரன் வேதத்தான் என்று குத்திப் பேசியவர்கள், துரைக் குதிரையை ஆற்றைக் கொண்டே மூழ்கடித்தவன் என்றார்கள். சந்தையில் வெற்றிலை கொடுத்தார்கள், அண்ணாச்சி என்றார்கள். திரும்பி வந்த அன்று தங்கை புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மச்சான், தெரிஞ்சுதான அடைச்சீரு?” என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் என் பொய். முழங்கால் தண்ணி என்றது அல்ல. தங்கை அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள்.

இன்றும் பலகை இறக்குகிற நாளில் இதையே யோசிக்கிறேன். துப்பாக்கி நின்றது பாலத்தில். அன்றைக்கு ஆறு யார் பக்கம் என்று தீர்ந்ததோ, களிமண்ணும் நாலு பலகையும் இருந்த இடத்தில். அதை இறக்கியவன் கை என்னுடையது, நடத்தியவர் கர்த்தர் என்று சொல்லிவிட்டால் எனக்கு லேசாக இருக்கும். ஆனால் விரலை வைத்துத் துறையைக் காட்டியதும் அதே கைதான். அதை அவர் தலையில் போட எனக்குத் துணிவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தங்கை வீட்டுக்குப் போய், அவள் புருஷனையும் உட்காரவைத்து, இதுவரை எழுதியதை வாசித்தேன். அவர் தலையைக் குனிந்தபடியே கேட்டார். வாசித்து முடித்ததும், “அப்ப அந்தப் படத்துல நம்ம துறைய இப்ப போட்டிருப்பானோ?” என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். தங்கை, “நீயாக் காட்டினத எழுதிட்டியா?” என்றாள். எழுதிவிட்டேன் என்றேன். “அப்பச் சரி” என்று எழுந்து போய்ச் சோறு எடுத்து வைத்தாள். பத்து வருஷத்தில் அவள் என் இலைக்குத் தானாக மீன் துண்டு வைத்தது அன்றைக்குத்தான்.

இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், சொல்லும்போது இப்படியே சொல்லுங்கள். காலையில் முழங்கால், பிற்பகலில் இடுப்பு. துறையில் இறங்கியது இரண்டு குதிரை, இரண்டும் உயிரோடு கரையேறின. துறையைக் காட்டிக்கொடுத்தவனும் வாய்க்காலை அடைத்தவனும் ஒரே ஆள்.