வெறுங்குழாயில் வந்த ஈயம்

திருமுருகன்பூண்டிச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, கையில் சுருட்டிய பாய். நெற்றிக் குங்குமம் வேர்வையில் கரைந்து மூக்கு வரை வந்துவிட்டது. திருப்பூர் ஆய்வகத்துப் பின்கட்டில் எனக்குக் கொடுத்திருந்த அறை மழைக்கு ஒழுகாது. அதற்காகவே அந்த வேலையை விடக்கூடாது என்று இருந்தேன். வேலையே என்னை விட்டுவிட்டது.

ஏற்றுமதிக்குப் போகும் பனியன் துணியில் ஈயம் மாதிரி உலோகம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் இடம் அது. வெளிநாட்டுக் குழந்தை சட்டையைச் சப்புமாம். சட்டையில் அச்சடித்த யானையின் காதிலிருந்து துளியூண்டு வெட்டி, அமிலத்தில் கரைத்து வைத்தால், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அதை உறிஞ்சி, நெருப்பில் காட்டி, அணுக்களை எடைவாரியாகப் பிரித்துவிடும். கிணற்றில் ஒரு சிட்டிகை ஈயம் கலந்தாலும் காட்டிக்கொடுக்கும் என்பார் கெமிஸ்ட் அம்மா. ஓனர் உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்பை விற்று அதை வாங்கியவர். பெயர் வாயில் நுழையாததால் மெஷின் என்பார்.

அந்த அறைக்கு வெளியே எல்லோரும் செருப்பைக் கழற்றுவோம். கெமிஸ்ட் அம்மாவுக்குத் தூசி பயம், ஓனருக்கு பக்தி. சண்டை வராமல் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன.

என் வேலை, துணியைக் கரைத்து வைக்கும் மூடிபோட்ட சின்னக் குழாய்களைக் கழுவுவது. மாதிரி எவ்வளவு சிறியதோ, கையில் ஒட்டிய அழுக்கு அவ்வளவு பெரியது என்று அந்த அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். ஒன்பதாவதோடு நின்றவனுக்கும் அது புரிந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் விடியற்காலையில் மெஷின் கதவுக்குக் குங்குமப் பொட்டு வைப்பதும் என் வேலை.

போன வெள்ளிக்கிழமை ஓனர் கூடுதலாக ஒன்று சொன்னார். "பெரிய கம்பெனி சரக்கு வருதுப்பா. குழாய்க்கெல்லாம் ஒவ்வொரு பொட்டு வெச்சுரு. அதும் மெஷின் சாமான்தான?"

"அம்மா திட்டுவாங்களே, ஓனர்."

"அம்மிணி வர்றதுக்குள்ள தொடச்சுரு. சாமிக்குத் தெரிஞ்சாப் போதும்."

வைத்தேன். துடைத்தேன்.

மறுநாள் குழந்தைச் சட்டையில் ஈயம் என்றது மெஷின். கம்பெனிக்காரர் முகம் செத்துப்போனது. கெமிஸ்ட் அம்மா துணியே போடாத குழாய் ஒன்றை ஓட்டிப் பார்த்தார்.

"சார், இதுல துணியே இல்லீங்க. வெறும் அமிலம். இதுலயும் அதே ஈயம் வருதுங்க."

"மெஷின் பொய் சொல்லுதா, அம்மிணி?"

"மெஷின் பொய் சொல்லலீங்க." மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார். திருகுமரை இடுக்கில் சிவப்பு. "இது என்னங்க சார்?"

ஓனர் என்னைப் பார்த்தார். நான் அவர் நெற்றியைப் பார்த்தேன். அங்கிருந்த குங்குமமும் ஒரே பொட்டலம்தான்.

"குங்குமத்துல ஈயமா? அது சாமி பொருளாச்சே அம்மிணி."

"அதையும் டெஸ்ட் பண்ணிப் பாத்துரலாங்களா சார்?"

சாமியைச் சோதிக்க ஓனருக்கு மனசில்லை. ஆளை மாற்றுவது சுலபம்.

"நீங்கதான வைக்கச் சொன்னீங்க?" என்றேன்.

"வெக்கத்தான் சொன்னேன். நீ தொடச்சது சரியில்லப்பா. கைசுத்தம் இல்லாதவனை இங்க எப்படி வெச்சுக்கறது?"

வாரமெல்லாம் அமிலத்தில் கழுவி வெளுத்துப்போன கை இது.

புதுக் குழாயில் ஓட்டியபோது சட்டை சுத்தமாக வந்தது. "பாத்தீங்களா, நம்ம மெஷின் எவ்வளவு நுணுக்கம்னு," என்று ஓனர் கம்பெனிக்காரருக்கு டீ வரவழைத்தார். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தபோது, "வெறும் நெத்தியோட போகாத சாமி," என்று அதே பொட்டலத்திலிருந்து எடுத்து நெற்றியில் வைத்துவிட்டார். ஒரு குறை சொல்லக்கூடாது, மரியாதை தெரிந்த மனிதர்.

அன்றிரவு பூண்டி பஸ் நிறுத்தத்தில் படுத்தேன். காலையில் முதலில் கண்ணில் பட்ட சிற்பக்கூடத்தில் நுழைந்து வேலை கேட்டேன். கல் அறுக்கும் மெஷினருகே நின்றவர் உச்சந்தலை முதல் கால்வரை வெள்ளைத் தூசியாக இருந்தார். என் நெற்றியில் மிச்சமிருந்ததைப் பார்த்தார்.

"சாமி கும்புடற ஆளுங்களா?"

"எப்பவாவது."

"வெள்ளிக்கிழமையானா மெஷினுக்குப் பொட்டு வெக்கோணும். வெப்பீங்களா?"

"துடைக்கணுமாங்க?"

"பொட்டு வெச்சுட்டு எவனாச்சும் தொடப்பானா?" என்று சிரித்தார். "கல்லு அறுக்கையில தண்ணி பீச்சற வேலை. ராத்திரி இங்கயே படுத்துக்குங்க."

கூரையை அண்ணாந்து பார்த்தேன். தகரம், நாலைந்து இடத்தில் வானம் தெரிந்தது. பாயை ஓட்டையில்லாத மூலையில் வைத்துவிட்டு, தண்ணீர்க் குழாயை வாங்கிக்கொண்டேன்.