குப்புவுக்குக் குரல் கொடுத்தவள்

"பால் பொங்குகிறது. அடுப்பை அணைக்கவும்."

முந்தாநாள் காலை நான் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இப்படி ஒரு குரல். திடுக்கிட்டுத் திரும்பினால் வாசற்படியில் என் அக்கா ரீட்டா, கையில் போனோடு. அவள் அதை எழுத்தெழுத்தாகத் தட்டி, பொத்தானை அமுக்கி, அந்தப் போன்காரி வாயைத் திறப்பதற்குள் பால் வழிந்து அடுப்பைத் தானே அணைத்துவிட்டிருந்தது. "ஓடி வந்து நீயே அணைக்க வேண்டியதுதானே!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் அவளுடைய இன்னொரு கையில், தொண்டைத் துளையைத் துடைக்கிற ஈரத்துணியைப் பார்த்தேன். எனக்கு வாய் நன்றாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் செய்கிற காரியம் இதுதான்.

அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தாள், மாதாவுக்கு நன்றி. ஆனால் அவள் பேசவேண்டுமென்றால் இனி போனில் எழுதவேண்டும், போன் பேசும். போன் பேசுகிற தமிழை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மயிலாப்பூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்காரியிடம், "இது முற்றிய காய். வேறு தரவும்" என்றது. அந்த அம்மாள் பயந்தே போனாள். அன்றோடு அக்கா கடைக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு கோயிலுக்குப் போவதை. பிறகு என்னிடமும் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டாள். "இவ பேசறதுக்கு நான் ஊமையாவே இருந்துட்டுப் போறேன்" என்று ஒரு நாள் எழுதிக் காட்டினாள். ஒலிப் பொத்தானை அமுக்காமல், திரையை மட்டும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்தான் ஒரு வழி சொன்னாள். "இவங்க பழைய குரல் எதுலயாவது இருக்கா மேடம்? கொஞ்ச நேரம் சுத்தமா கெடச்சா போதும். இந்த போன் இவங்க குரல்லயே பேசும்." அக்கா என் கையைப் பிடித்த பிடி இருக்கிறதே, வளையல் அழுந்தித் தழும்பாகிவிட்டது. அந்தக் குரல் கிடைத்தால் என் அக்கா திரும்பக் கிடைப்பாள். எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

வீட்டில் தேடினோம். வாட்சப்பில் இருந்ததெல்லாம் கடைசி வருஷங்களின் கரகரப்பு, பாதி காற்று. பாலர் பள்ளி டீச்சராக வருஷக்கணக்காகக் கத்தித் தேய்ந்த தொண்டை அது. நோய் வந்ததே தெரியாமல், "டீச்சர் தொண்டைன்னா இப்படித்தான்" என்று மிளகுப்பால் குடித்துக்கொண்டிருந்தோம். கல்யாண வீடியோ இருந்தது. ஆசையாகப் போட்டுப் பார்த்தால், நம் ஊர் வீடியோக்காரர்களின் வழக்கம்தான் தெரியுமே, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சினிமாப் பாட்டு! சாமியார் கேட்கிறார், அக்கா "சம்மதம்" என்று வாயசைக்கிறாள், மேலே யாரோ காதல் பாட்டுப் பாடுகிறார்கள். பார்த்து முடித்த கையோடு அந்த வீடியோக்காரனைத் தேடிப் போய் உதைக்கலாம் போலிருந்தது. அவன் செத்தே போய்விட்டானாம்.

பால் தீய்ந்த அடுப்பைத் துடைக்கும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள், பாதி இனிப்பு, பாதி கருகல். கிட்டத்தட்ட அதே வாசனைதான் குமார் அண்ணனின் மொட்டைமாடி அறையிலும் வரும். எங்கள் தெருவுக்குக் கேபிள் கனெக்ஷன் கொடுத்தவர் அவர். டிவி கேம் பெட்டியின் அடாப்டர் சூடேறி, அதன்மேல் யாரோ சிந்திய டீ காய்ந்து கிளம்புகிற வாசனை அது. மஞ்சள் கேசட்டைச் செருகி விளையாடுவோமே, அந்தப் பெட்டி. குமார் அண்ணன் அதை நேரே கேபிள் ஒயரில் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மந்தைவெளியிலிருந்து அடையாறு ஆற்றங்கரை வரை அவர் ஒயர் போன வீட்டிலெல்லாம் அந்த விளையாட்டு தெரியும். பிள்ளைகள் போன் செய்து "ஓடு", "குனி", "குதி" என்று சொல்லவேண்டும், அண்ணன் பொத்தானை அமுக்குவார். சிவப்புக் கால்சட்டை போட்ட ஒரு குட்டி ஆசாமி பானைகளையும் பள்ளங்களையும் தாண்டி ஓடுவான். அவனுக்கு அசல் பேர் என்னவோ, பெட்டியில் சீன எழுத்தில் இருந்தது. அண்ணன் வைத்த பேர் குப்பு. நிகழ்ச்சியின் பேர் 'குதிடா குப்பு'.

படம் வந்தது, பேச்சு இல்லை. முதல் வாரம் அண்ணனே பேசிப் பார்த்தார். "இன்னா வோணும்?" என்று மிரட்டுகிற தொனியில் அவர் கேட்டதும் பிள்ளைகள் போனை வைத்துவிட்டார்கள். அப்போதுதான் மாதச் சந்தா கட்ட மாடிக்குப் போன ரீட்டா அக்கா, சும்மா இருக்காமல், மைக்கைப் பிடுங்கிக் கீச்சுக்குரலில் "நான்தான் குப்பு!" என்றாள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள் அப்போது. அடுத்த ஞாயிறு போன் ஓயவேயில்லை.

அந்தக் குரலை நான் எப்படிச் சொல்வது? கொஞ்சம் மூக்கு, நிறைய சிரிப்பு. அண்ணனுக்குக் கை மந்தம், பிள்ளை "குதி" என்று சொல்லி முடித்த பிறகு அமுக்குவார், குப்பு பள்ளத்தில் விழுவான். அந்தப் பக்கம் பிள்ளை அழ ஆரம்பிக்கும். உடனே அக்கா, "ஐயய்யோ, வுழுந்துட்டேனே! அழாத கண்ணு, எனக்கு இன்னும் ரெண்டு உசுரு கீது!" என்பாள். வீட்டில் நாங்கள் யாரும் 'கீது' போட்டுப் பேசமாட்டோம், மம்மி நாக்கை அறுத்துவிடுவார். ஆனால் அக்கா, குப்பு குப்பத்துப் பையன்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். மறுநாள் தெருவெல்லாம் பிள்ளைகள் கீழே விழுந்து எழுந்து "ரெண்டு உசுரு கீது" என்று திரிவார்கள்.

மம்மிக்கு இது பிடிக்காது. "சாயங்காலப் பூசைக்குப் போற நேரத்துல, வயசுப் பொண்ணு, மொட்டமாடில உக்காந்து கொரங்கு மாதிரி கத்துறா" என்பார். ஆனால் பூசை முடிந்து யாராவது, "உங்க பொண்ணாமே குப்பு?" என்று கேட்டால் முகமெல்லாம் பல்லாகி, "வாயுள்ள புள்ள பொழச்சிக்கும்" என்று சொல்வார். வாயுள்ள பிள்ளை!

ஒருமுறை நானே பக்கத்து வீட்டுப் போனிலிருந்து குரலை மாற்றி, "நான் தி.நகர்லேர்ந்து பேசறேன்" என்றேன். குப்பு என் குரலைக் கண்டுபிடித்துவிட்டான். பிறகு ஊரறிய, "மொதல்ல கணக்கு வீட்டுப்பாடத்த எழுதுடீ!" என்றான். பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியவில்லை. என்னைவிட அவள் நடிப்பு மேலானது என்பதை அன்றே ஒப்புக்கொண்டேன், அவளிடம் சொல்லவில்லை.

ஒரே ஒரு தொல்லை. போன் செய்கிற வீட்டில் டிவி சத்தமாக ஓடினால், அது போனுக்குள் புகுந்து, டிவி வழியாகத் திரும்பி வந்து, கூவென்று காதைக் கிழிக்கும். அதனால் யார் பேசினாலும் அக்காவின் முதல் வேலை, டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்வது. குறைக்காமல் ஆட்டம் கிடையாது. அதில் மட்டும் அவள் கண்டிப்பு.

தமிழ் பேசுகிற பெரிய கார்ட்டூன் சேனல்கள் வந்ததும் குப்பு போய்விட்டான். அறிவிப்பு கிடையாது, விடைபெறுதல் கிடையாது. ஒரு ஞாயிறு இருந்தான், அடுத்த ஞாயிறு அந்த இடத்தில் படம் போட்டார்கள்.

இத்தனை வருஷம் கழித்து குமார் அண்ணனைத் தேடிப் போனேன். இப்போது இன்டர்நெட் ஒயர் இழுக்கிறார், தலை முழுக்க நரை. மொட்டைமாடி அறை இருந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். "டேப்பா? இன்னாமா நீ, லைவுமா அது! யாரு அத்த ரெக்கார்டு பண்ணிக்கினு இருந்தா? பொட்டியக்கூட பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டேன்" என்றார். அக்காவுக்கு நடந்ததைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்தத் தொண்டயா? அந்தத் தொண்டயவா எட்த்தாங்க?" திரும்பத் திரும்ப அதையே கேட்டார். நான் ஆறுதல் வாங்கப் போய், ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியாக, பழைய சென்னையைப் பற்றிப் பேசுகிறவர்களின் முகநூல் குழுவில் எழுதிப் போட்டேன். பாதிப்பேர் அப்படி ஒரு நிகழ்ச்சியே வந்ததில்லை என்று என்னோடு சண்டைக்கு வந்தார்கள். நீங்கள் வாழ்ந்ததை இல்லையென்று எவனோ சாதிக்கும்போது வருகிற கோபம் இருக்கிறதே! நாலாம் நாள் ஒரு பெண் எழுதினாள்: எங்க அப்பா சின்ன வயசுல குப்புவோட பேசிருக்காரு, ஆயாகிட்ட கேசட் இருக்கு.

ஆயாவின் பேர் தனம். அடையாறு ஆற்றங்கரையில் இருந்தவர்கள், குடிசையை அகற்றி ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். அக்காவும் நானும் திருவான்மியூரில் பஸ் மாறிப் போனோம். பல மாதங்களுக்குப் பிறகு அக்கா நல்ல புடவை கட்டியிருந்தாள், கழுத்தை மூட அதே நிறத்தில் துணி. வழியெல்லாம் ஜெபமாலை அவள் விரலில் உருண்டுகொண்டேயிருந்தது.

"வா கண்ணு, குந்து" என்றார் தனம் அம்மாள். பீரோவிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு ஆடியோ கேசட்டை எடுத்தார். வீடியோ இல்லை. அதனாலென்ன, எங்களுக்குக் குரல்தானே வேண்டும்! ஆற்றங்கரை எஸ்டிடி பூத்தில் டிவி இருந்ததாம், பையன் அங்கிருந்துதான் போன் செய்தானாம். துபாயிலிருந்து தம்பி கொண்டுவந்த டேப்ரிக்கார்டரைத் தனம் அம்மாள் தூக்கிக்கொண்டு போய் டிவி முன்னால் வைத்து, லைன் கிடைத்ததும் அமுக்கியிருக்கிறார். "வூடு மாத்தசொல்ல கட்டிலக்கூட வுட்டுட்டு வந்தேன். இத்த வுடல. எம்புள்ள பேசனது இதுல கீது." எம்புள்ள என்றது பக்கத்தில் தொப்பையோடு நின்ற ஆட்டோக்காரர் சேகரை. அவர் வெட்கப்பட்டு மீசையைத் தடவினார்.

கேசட் ஓடியது. கும்பல் சத்தம், யாரோ இருமல், "ஸ்ஸ்... லைன் கெடச்சிச்சி!" பிறகு டிவியிலிருந்து, சேசுவே, அத்தனை தெளிவாக:

"ஹலோ, நான்தான் குப்பு! டிவி சத்தத்தக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க கண்ணு!"

அக்கா தன் தொண்டையில் கை வைத்தாள். இதோ, வந்துவிட்டாள்.

கேசட்டில் பூத்துக்காரர் "கம்மி பண்ணுடா, கம்மி பண்ணு" என்றார். கம்மி பண்ணிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு குப்பு இல்லை. சேகர் மட்டும்தான். குருவி மாதிரிக் குரலில் "குதி! குதி! ஐயோ குப்பு, குதி!" இடையிடையே அவன் சும்மா இருக்கிறான், போனுக்குள் யாரோ அவனிடம் பேசுகிறார்கள், அவன் மட்டும் கேட்டுச் சிரிக்கிறான். ஒருதரம் அழப் போனவன் சட்டென்று சிரித்தான். அந்த இடத்தில் அக்கா என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். இன்னும் ரெண்டு உசுரு. கேட்கத்தான் முடியவில்லை. போனை வைத்த பிறகாவது டிவியைக் கூட்டுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை பேசி முடித்ததும் தனம் அம்மாள் அன்றைக்கே டப்பென்று டேப்பை நிறுத்திவிட்டிருக்கிறார். அவருக்கு வேண்டியது முழுசும் கிடைத்துவிட்டதே!

"எப்டி கீது எம்புள்ள குரலு!" என்று தனம் அம்மாள் கண்ணைத் துடைத்தார். சேகர் சிரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏங்க, ஏன் கம்மி பண்ணீங்க?" என்றே கேட்டுவிட்டேன். அக்கா போனில் எழுதினாள். பல மாதங்களுக்குப் பிறகு வெளியாட்கள் முன்னால் அந்த ஒலிப் பொத்தானை அமுக்கினாள்.

"திட்டாதே. நான் சொன்னதைத்தான் செய்தார்கள்" என்றாள் போன்காரி.

அந்த ஒரு வரியைப் பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் கொண்டுபோனோம். காதில் மாட்டிக் கேட்டாள். "இது பத்தாது மேடம். பின்னாடி ஆளுங்க சத்தம் வேற." ரொம்ப அன்பாகத்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் அக்கா அந்த நல்ல புடவையை மடித்துப் பீரோவின் அடியில் வைத்தாள். அதன் பிறகு முந்தாநாள் பால் பொங்கியபோதுதான் அந்தப் போன் பேசியது.

கேபிள் ஒயர் போய்விட்டது, மஞ்சள் கேசட் போய்விட்டது, பூத்தும் போய்விட்டது. போகட்டும், யாருக்கு வேண்டும் அதெல்லாம்? சேகரின் மகள் அந்தக் கேசட்டை என் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். அடுப்பைத் துடைத்து முடித்துவிட்டு, அக்கா குளிக்கப் போன நேரத்தில், சத்தத்தைக் கடைசி வரைக்கும் கூட்டிவைத்து மறுபடியும் போட்டேன். "டிவி சத்தத்தக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க கண்ணு" என்கிறாள் என் அக்கா. பண்ணாதீங்க, உங்க கால்ல விழறேன், பண்ணாதீங்க என்று நான் வாய்விட்டுக் கெஞ்சுகிறேன். நல்ல ஜனங்கள், அவள் பேச்சைத் தட்டவே மாட்டேன் என்கிறார்கள்.